செத்தவனின் குதிரை

அந்த வருஷம் எங்கள் ஊரில் ஏழை என்று பெயர் வாங்குவதற்கு அடிதடியே நடந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒருவனைப் பார்த்து "நீ ஏழை" என்று சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். சர்க்கார் பண்ணை இருந்தவரைக்கும் எல்லார் வீட்டிலும் ஒரே நிலக்கரி, ஒரே ரொட்டி, நீலச் சாயம் பூசிய ஒரே மாதிரி ஜன்னல். பிறகு பண்ணையைக் கலைத்தார்கள். சந்தை வந்துவிட்டது, இனி அவரவர் பாடு என்றார்கள். பழைய பணம் செல்லாது, இனி சோம்தான் பணம் என்றார்கள். எல்லாம் பேசி முடித்துவிட்டுப் பார்த்தால் ஊரே அடுப்பில் வைக்க ஒன்றுமில்லாமல் நின்றது.

புருல் பண்ணையின் பாலர் பள்ளியில் சமையல்காரி. கல்யாணமாகி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த வருஷமே கரண்டியைப் பிடித்தவள். அவள் காய்ச்சும் ரவைக் கஞ்சியில் கட்டி தட்டாது, அடி பிடிக்காது. இன்றைக்கு மீசை முறுக்கிக்கொண்டு திரிகிற பயல்கள் பாதிப் பேர் அவள் கையால் தின்று வளர்ந்தவர்கள்தான். அவளுக்குப் பிள்ளை பிறக்கத்தான் ரொம்பத் தாமதமாயிற்று. "ஊர்ப் பிள்ளைங்களுக்குப் போட்ட சோறு வீண் போகாது, ஒண்ணு வரும் பாரு" என்று பெண்கள் சொல்வார்கள். வந்தது. சிர்கா என்று பெயர் வைத்தாள்.

சிர்காவை அந்தப் பாலர் பள்ளியில் சேர்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பண்ணை போனதும் பள்ளியும் போயிற்று. அதை மூடினார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தின்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் ஜன்னல் போயிற்று, அப்புறம் கதவு, அப்புறம் தரைப்பலகை. பக்கத்து வீட்டு ரக்கியாவின் புருஷன் கூரைத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போன அன்று, புருல் உள்ளே போய்த் தன் பெரிய கஞ்சிக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அது வீட்டுச் சட்டிக்குள் நுழையவே இல்லை.

அவள் புருஷன் ஜான்டாய் டிராக்டர் ஓட்டியவன். பண்ணையைப் பங்கு போட்டபோது அவன் டிராக்டர் கேட்டான், குதிரை கிடைத்தது. சிவலைக் குதிரை, நல்ல ஜாதி. ஆனால் ஜான்டாய்க்குக் குதிரை பழக்கமில்லை. காலையில் வண்டியில் பூட்டும்போது, "கிளம்புடா ராஜா, டீசல் மட்டும் கேக்காதே" என்பான். அந்த வண்டியில்தான் விறகு போயிற்று, நிலக்கரி போயிற்று, ஊரின் கல்யாணப் பெண்களும் பிணங்களும் போனார்கள். மூன்று பேர் வயிறும் அதனால்தான் நனைந்தது.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஆற்றைக் கடக்கும்போது வண்டி சரிந்து, ஜான்டாய் இடுப்பளவு பனித் தண்ணீரில் நின்று சரக்கைத் தூக்கினான். நெஞ்சில் சளி கட்டியது. ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருந்தாள், மருந்து இல்லை. ஆம்புலன்ஸ் இருந்தது, பெட்ரோல் இல்லை. புருல் அவனைக் கம்பளியில் சுற்றித் தன் வண்டியிலேயே நகரத்துக்குக் கிளப்பினாள். கணவாய் ஏறும்போது அவன் மூச்சு நின்றுவிட்டது. போன வண்டியிலேயே திரும்பி வந்தான்.

நாற்பதாம் நாள் சொந்தக்காரர்கள் கூடி அந்தக் குதிரையின் பிடரி மயிரையும் வால் மயிரையும் கத்தரித்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிக் கத்தரித்துவிட்டால் அது செத்தவனின் குதிரை. அதில் யாரும் ஏறக் கூடாது, அதை வண்டியில் பூட்டக் கூடாது. அவன் செத்து ஒரு வருஷம் முடியும்போது வைக்கிற ஆஷ் என்ற திவச விருந்துக்கு அதை அறுத்து ஊருக்குப் போட வேண்டும். அதில் ஏறித்தான் அவன் போய்ச் சேருவான் என்பது நம்பிக்கை. கத்தரிக்கோலைப் பிடித்தவர் தைலாக், ஜான்டாயின் அப்பாவுக்குத் தம்பி.

தைலாக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பண்ணையில் ஆடுமாடு கணக்குப் பார்த்தவர். ஆடுமாடு போனதும், ஊராட்சியில் ஏழைகளைக் கணக்குப் பார்க்கிற வேலையைக் கொடுத்துவிட்டார்கள். நல்லது கெட்டதுக்கு வெள்ளைக் கம்பளித் தொப்பி, ஆபீஸ் வேலைக்கு முயல் தோல் தொப்பி. எந்தத் தொப்பியில் வருகிறார் என்று பார்த்துத்தான் ஊரில் தேநீர் ஊற்றுவார்கள். புருஷனின் பெரியவர்கள் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் புருலுக்கு அவர் எப்போதும் சின்ன மாமா.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் முயல் தோல் தொப்பியோடு வந்தார்.

அதற்கு முன்னால் பிள்ளை பெற்றவளுக்கெல்லாம் ஏதோ கொஞ்சம் பிள்ளைப் பணம் வந்துகொண்டிருந்தது. இனி எல்லாருக்கும் கிடையாது, நிஜமான ஏழைக்கு மட்டும்தான் என்று தலைநகரத்தில் முடிவாகியிருந்தது. அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, எந்தக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த புத்தியோ தெரியாது. ஏழை யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொழுவத்தைப் பார்த்துத்தான்.

தைலாக் கொட்டிலை எட்டிப் பார்த்தார். "குதிரை ஒண்ணு" என்றார்.

"அது அவரோடது மாமா."

"தெரியும்மா. ஆனா சட்டத்துல அது குதிரை. ஒரு குதிரை மாசாமாசம் இவ்வளவு சம்பாதிக்கும்னு போட்டிருக்காங்க. அதைச் சேர்த்தா நீ ஏழை இல்லை."

புருலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சம்பாதிக்குதா? என் வீட்டு வைக்கோலைத் தின்னுட்டு நிக்குது. பூட்டக்கூட முடியாது. வாலைக் கத்தரிச்சது நீங்கதானே?"

"அன்னிக்குக் கத்தரிச்சவன் ஜான்டாயோட சித்தப்பன். இன்னிக்கு வந்தவன் வேற" என்றார் தைலாக். அவருக்கே அது நன்றாகப் படவில்லை போலும். தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு மருமகளே. மேல மலையில என் மச்சான் மந்தை இருக்கு. ராத்திரியோட ராத்திரியா இதை அங்க ஓட்டிடு. குதிரை இல்லைன்னு எழுதிடறேன். ஊர்ல எல்லாரும் அதான் செய்றாங்க. உன் பக்கத்து வீட்டு ரக்கியா கன்னுக்குட்டியை அண்ணன் வீட்டுல கட்டிட்டா."

"ஜான்டாய்க்குக் குதிரையே இல்லைன்னு எழுதுவீங்களா?"

"எழுத்துலதானே?"

"வேண்டாம் மாமா. உசுரோட இருக்கிறப்ப ஒரு டிராக்டர் கிடைக்கலை அவருக்கு. செத்த பிறகு இந்தக் குதிரையும் இல்லைன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

வீம்பு பிடித்தவள் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்போது அப்படித்தான் சொன்னேன். ஆனால் அவளுக்கு வேறு பயமும் இருந்தது. உதவிப் பணம் வராவிட்டால் சிர்காவைக் குளிர்காலத்தில் காப்பாற்ற வழியில்லை. மாவு இல்லை, கரி இல்லை, பிள்ளைக்கு நெஞ்சில் வேறு சளி பிடித்தது. அப்பன் போன வழியிலேயே இதுவும் போய்விடுமோ என்று தூக்கத்தில் எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வேறொரு வழி நகரத்து விடுதிப் பள்ளி. அனாதைப் பிள்ளைகளுக்கென்று கட்டியது, இப்போது அப்பா அம்மா இருக்கிற பிள்ளைகளால் நிறைந்திருந்தது. கீழ்த்தெருவில் ஒரு பெண் தன் மகனை அங்கே விட்டுவிட்டு வந்தாள். கோடையில் மொட்டைத் தலையோடு திரும்பியவன் அவளை "அம்மா" என்று கூப்பிடாமல் "அக்கா" என்று கூப்பிட்டான். அதைக் கேட்டதிலிருந்து புருல், "என் உசுரு இருக்கிற வரைக்கும் அங்க அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தைலாக் வெள்ளைத் தொப்பியோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"யோசிச்சேன் மருமகளே. ஆஷை வருஷ முடிவுலதான் வைக்கணும்னு இல்லையே. பனிக்கு முன்னாடி வெச்சா யார் கேக்கப் போறா? குதிரை அவன்கிட்ட போயிடும். உன் கடமையும் தீரும். ஏழைங்களை முடிவு பண்ற கூட்டம் அதுக்கப்புறம்தான். அன்னிக்கு உன் கொட்டில் காலி. நீ கலப்படமில்லாத ஏழை!"

இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெறும் குதிரையை அறுத்து விருந்து வைக்க முடியுமா? மாவு வேண்டும், எண்ணெய் வேண்டும், தேயிலை, சர்க்கரை வேண்டும். அம்மா வீட்டிலிருந்து சீதனமாக வந்த கம்பளி விரிப்புகள் இரண்டையும் புருல் விற்றாள். ஜான்டாயின் மேல்கோட்டையும் விற்றாள். ஊர்ப் பெண்கள் வந்து மாவு பிசைந்து, பெரிய இரும்புச் சட்டியில் பொர்சோக் துண்டுகளைப் பொரித்துக் குவித்தார்கள். அந்தப் பெரிய கரண்டிக்கு அன்றைக்குத்தான் மறுபடி வேலை வந்தது. ரக்கியா விடியற்காலையிலிருந்து அவள் பக்கத்திலேயே நின்று அடுப்பில் விறகு தள்ளினாள்.

"அடியே புருலு, உன் புருஷன் இருக்கிறப்ப ஒரு நாள் இப்படி எண்ணெய் ஊத்திப் பொரிச்சிருப்பியா?"

"இருக்கிறப்ப கேட்டாரு அக்கா, நான்தான் எண்ணெய் தீந்துடும்னு திட்டுனேன்" என்று சொல்லிவிட்டு புருல் அங்கேயே அழுதாள். ரக்கியா அவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். இதை நீங்கள் மறக்கக் கூடாது. அந்தத் தோள் பொய்த் தோள் இல்லை.

குதிரையை வெளியே கொண்டுவந்தபோது சிர்கா அதன் மூக்கைத் தடவி, "அப்பாவைக் கீழே தள்ளிடாதே" என்றாள். ஆண்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஊரே வந்தது. அக்கம்பக்கத்து ஊர்களும் வந்தன. அவ்வளவு பேரும் பசியோடு வந்தார்கள் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. வழக்கமாக ஆஷில் வம்பும் சிரிப்புமாக இருக்கும், அன்றைக்கு முதல் தட்டு முடியும்வரை பேச்சே இல்லை. தைலாக் வெள்ளைத் தொப்பியோடு நடுவில் உட்கார்ந்து, இடுப்பெலும்பு மூத்தவர்களுக்கு, விலா அடுத்தவர்களுக்கு என்று வரிசை தப்பாமல் பங்கு வைத்தார். சாப்பிட்டது போக மீதியைத் துணியில் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். புருல் ரக்கியாவின் துணியில் தன் கையால் கொழுப்புள்ள துண்டுகளாகப் பொறுக்கி வைத்தாள். "உன் மீரிமுக்கு" என்றாள். மீரிம் ரக்கியாவின் மகள், சிர்காவை விட ஒரு வயது பெரியவள்.

போகும்போது எல்லாரும் வாயார வாழ்த்தினார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆஷ் யாரும் போடலை. ஜான்டாய் கொடுத்து வெச்சவன்!" அந்த வாழ்த்து வண்டி ஏறி, கணவாய் தாண்டி, மாவட்ட ஆபீஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

முதல் பனி விழுந்த வாரம், பழைய பண்ணை மன்றத்தில் கூட்டம். மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தாள். சின்ன வயசு, நகர பூட்ஸ், கை விறைத்துப்போய் உள்ளங்கையை ஊதிக்கொண்டே இருந்தாள். கெட்டவள் இல்லை. அவளுக்குச் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: இந்த ஊருக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் ஒருத்தர்கூடக் கூடாது. ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்து, ஆட்சேபணை உண்டா என்று ஊரையே கேட்க வேண்டும். ஏமாற்று நடக்கக் கூடாதாம், அதற்காக இந்த ஏற்பாடு.

புருலின் பெயரைப் படித்தார்கள். புருல் தெம்பாகத்தான் உட்கார்ந்திருந்தாள். கொட்டில் காலி, வீட்டில் விரிப்புகூட இல்லை.

ரக்கியா எழுந்தாள். அவள் பெயர் புருலுக்கு அடுத்தது என்பதும், இன்னும் ஓர் இடம்தான் பாக்கி என்பதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

"போன மாசம் குதிரை அறுத்து மூணு ஊருக்குச் சோறு போட்டவ ஏழையா?" என்றாள். புருல் பக்கம் திரும்பவே இல்லை. "அவ ஏழைன்னா நாங்க யாரு?"

அதிகாரிப் பெண் நிமிர்ந்தாள். "ஆபீஸ்ல பேசிக்கிட்ட விருந்து இதுதானா? முழுக் குதிரையா?"

"அது அவர் குதிரை" என்று புருல் எழுந்தாள். "குதிரை இருந்தப்ப, குதிரை இருக்கு, நீ ஏழை இல்லைன்னாங்க. அதை அறுத்து நீங்க எல்லாரும் தின்னீங்க. இப்ப தின்னதால நான் ஏழை இல்லையா?"

"அவ்ளோ பேருக்குச் சாப்பாடு போட எங்கிருந்தோ வருமானம் வந்திருக்கணும்" என்றாள் அதிகாரி. "மாவு, எண்ணெய், சர்க்கரை... இதெல்லாம்?" பக்கத்தில் முயல் தோல் தொப்பியோடு உட்கார்ந்திருந்த தைலாக்கைப் பார்த்தாள். "நீங்களும் போனீங்களா?"

"போனேன்."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்" என்றார் தைலாக். கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான்.

"விருந்தை இப்பவே வைன்னு சொன்னதே சின்ன மாமாதான்!" என்று புருல் கத்தினாள்.

"யாரு அந்தச் சின்ன மாமா?"

அவர் மேசைக்குப் பின்னால்தான் இருந்தார். அவ்வளவு ஆத்திரத்திலும் அந்தப் பெயர் அவள் வாயில் வரவில்லை. அவர் ஒரு வார்த்தை, "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த வேலையும் போனால் அவர் வீட்டிலும் அடுப்பு எரியாது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார். அந்த ஆளை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை, வெள்ளைத் தொப்பியில் வந்தாலும் சரி.

புருலின் பெயரை அடித்தார்கள். அடுத்த பெயர் ரக்கியா. ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள்.

புருல் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். ரக்கியா அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று அந்தக் கண் சொன்னது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது. ரக்கியாவின் புருஷன் வேலை தேடி எல்லை தாண்டிப் போய் ஒரு தகவலும் இல்லை. அவள் சட்டியில் தண்ணீர்தான் கொதிக்கிறது என்று புருலுக்குத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்குத் தெரியாதா?

"அவ கன்னுக்குட்டி வெச்சிருக்கா" என்றாள் புருல். "அண்ணன் வீட்டுல கட்டியிருக்கா. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார்கள். இருந்தது. அந்தப் பெயரையும் அடித்தார்கள். கடைசி இடம் மேல்தெருக் குடும்பம் ஒன்றுக்குப் போயிற்று, அவர்கள் மாடு யாரும் போய்ப் பார்க்க முடியாத தூரத்து மலையில் இருந்தது.

அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு நின்றது. ரக்கியாவின் கன்றுக்குட்டி மாவுக்கும் பழைய கடனுக்கும் போயிற்று, அந்த மாவும் தீர்ந்தது. புருல் வேலியைப் பிடுங்கி எரித்தாள். சிர்காவின் இருமல் பகலிலும் நிற்காமல் வர ஆரம்பித்ததும், ஒரு நாள் காலையில் பிள்ளையின் போர்வையைச் சுருட்டிக் கட்டினாள். விடுதிப் பள்ளியில் கொதிகலன் இருக்கிறது, சுவர் சூடாக இருக்கும் என்று கேள்வி.

நிலக்கரி லாரி ஒன்று நகரத்துக்கு வெறுமனே போய், சரக்கேற்றிக்கொண்டு அன்றைக்கே திரும்புவதாகச் சொன்னார்கள். புருல் மகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போனபோது அங்கே ரக்கியா நின்றாள். பக்கத்தில் மீரிம். அவள் கையிலும் ஒரு போர்வைச் சுருட்டு இருந்தது.

லாரியின் பின்னால் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் நடுவில் ஒண்டிக்கொண்டு, பெரியவர்களின் சண்டை தெரியாமல் குசுகுசுவென்று பேசின. கணவாய் ஏறும்போது காற்று முகத்தை அறுத்தது. ஜான்டாயின் மூச்சு நின்ற திருப்பம் வந்தது. புருல் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது ரக்கியா மடியிலிருந்து ஒரு துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். புருலுக்கு அந்தத் துணி தெரியும். உள்ளே காய்ந்து கறுத்த ஒரு துண்டு இறைச்சி இருந்தது. இத்தனை நாளும் கூரையில் தொங்கவிட்டு மகளுக்குக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்திருக்கிறாள், இதுதான் கடைசி. கத்தியால் இரண்டாக வெட்டினாள். பெரிய துண்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு சிர்காவிடம் நீட்டினாள்.

"மெதுவா மெல்லுடி கண்ணு. கல்லு மாதிரி இருக்கும்."

"இது அப்பாவோட குதிரையா?"

ரக்கியா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "ஆமாடா செல்லம்" என்றாள் புருல். "சாப்பிடு."

விடுதிப் பள்ளியின் இரும்புக் கதவருகே ஒரு தடித்த பெண் வந்து பிள்ளைகளின் பெயரைக் கேட்டாள், தலையில் பேன் இருக்கிறதா என்று விலக்கிப் பார்த்தாள், போர்வைகளை வாங்கிக்கொண்டாள். சிர்கா அம்மாவின் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்தப் பெண் விரல் விரலாகப் பிரித்தாள், பழகிய கை. "ஞாயித்துக்கிழமை வராதீங்க, வந்தா ரொம்ப அழுவாங்க" என்றாள்.

அப்போது உள்ளேயிருந்து வாசனை வந்தது. ரவைக் கஞ்சி. அடி பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அடுப்புல கஞ்சி தீயுது" என்றாள் புருல்.

"அதுக்கு ஆள் இருக்கு. நீ கிளம்பு."

"இல்லம்மா, பால் கொதிச்ச பிறகுதான் ரவையைத் தூவணும். மொத்தமாக் கொட்டினா கட்டி தட்டும். கட்டி இருந்தா இவ துப்பிடுவா..." பிள்ளைகள் இரண்டும் உள்ளே போய்விட்டன. கதவு சாத்தப்பட்டது. அவள் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னாள். "தீயைக் குறைச்சு வைக்கச் சொல்லுங்க! கையை எடுக்காம கிண்டணும், கேக்குதா? கையை எடுக்கவே கூடாது!"

பின்னால் சாலையில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"வாடி" என்று ரக்கியா அவள் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். "வா புருலு. வண்டி போயிடும்."